முகட்டில் விட்ட வான்கோழிகள்

டோர்டிஸ் பிரேக்கே பொய் சொல்லிப் பழகாதவள். நாற்பத்தாறு வயதுவரை அவள் சொன்ன பெரிய பொய் எதுவென்று கேட்டால், தேவாலய விருந்தில் போதகரின் மனைவி சமைத்த மீன் நன்றாக இருந்தது என்று சொன்னதுதான். அப்படிப்பட்டவள் 1977ஆம் வருஷம் மே மாதத்தில் ஒரு தபால் அட்டையில் எழுதிய இரண்டு வரிப் பொய்யால்தான் டோவ்ரே பள்ளத்தாக்கில் இன்றைக்கு இத்தனை வான்கோழிகள் திரிகின்றன. அரசாங்கக் காகிதங்களில் இது எங்கும் இருக்காது.

பண்ணை அவளுடையதும் அண்ணன் ஹால்வருடையதும். முப்பது கறவை மாடு, கீழே ஓடையோரம் மக்காச்சோளம், வீட்டுக்குப் பின்னால் செங்குத்தாக ஏறும் குன்று, குன்றின் முகடு முழுக்க ஓக் மரங்கள். டோர்டிஸ் இருபத்திரண்டு வயதில் நர்ஸ் படிப்புக்கு நகரத்துக்குப் போனவள். போன நாலாம் மாதம் சோளம் பறிக்கும் இயந்திரம் ஹால்வரின் இடது கையை மணிக்கட்டோடு வாங்கிக்கொண்டது. காயம் ஆறும்வரை என்று வந்தவள் பிறகு போகவில்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனார்கள். ஹால்வர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாப்பாட்டு மேசையில் அவன் தட்டிலிருக்கும் இறைச்சியை அவள் நறுக்கிக் கொடுத்த பிறகுதான் தன் தட்டுக்கு வருவாள். இருபத்து நாலு வருஷமாக அதுதான் வழக்கம்.

வனவிலங்குத் துறையின் லெஸ்டர் ஒரு நாள் வந்து, முகட்டுக் காட்டில் காட்டு வான்கோழிகளை விடப்போகிறோம், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். அந்தக் குன்றுகளில் வான்கோழி அற்றுப்போய்த் தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. தாத்தாக்கள் நார்வேயிலிருந்து வந்து இறங்கியபோது இருந்த கொஞ்சநஞ்சத்தையும் சுட்டுத் தின்று தீர்த்திருந்தார்கள். மரத்தையும் வெட்டியிருந்தார்கள். இப்போது மரம் திரும்ப வளர்ந்துவிட்டது, பறவை மட்டும் பாக்கி. தெற்கே மிசூரி மாநிலத்துக்காரர்கள் தங்கள் காட்டிலிருந்து பிடித்துக் கொடுக்கிறார்கள், பதிலுக்கு நாம் காட்டுக் கவுதாரி கொடுக்கிறோம் என்றார் லெஸ்டர்.

"தாராளமா விடுங்க," என்றான் ஹால்வர். "நன்றி நாள் விருந்துக்கு வான்கோழி வாங்கக் கடைக்குப் போற அலைச்சல் மிச்சம்."

சுட்டால் சிறை என்று லெஸ்டர் சொன்னதும், அப்படியானால் கடையிலேயே வாங்கிக்கொள்கிறேன் என்று சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

ஜனவரி நடுவில் மிசூரி வண்டி வந்தது. பதினாலு அட்டைப் பெட்டிகள், பெட்டிக்கு ஒரு பறவை. ஓட்டிவந்தவர் டென்சில் கோப். ஐம்பதை எட்டியவர். நெடுநெடுவென்று வளர்ந்து, உயரத்தைப் பற்றி வெட்கப்படுகிறவரைப்போலக் கொஞ்சம் குனிந்தே நடப்பார். மனைவி இறந்து ஆறு வருஷம். தெற்கு மிசூரி மலைக்காடுகளில் வான்கோழி பிடிப்பதுதான் அவருக்கு இருபது வருஷமாக வேலை. தரையில் சோளத்தைத் தூவிவிட்டு, இலைகளுக்குள் ஒளிந்து காத்திருந்து, பறவைகள் கூடியதும் மூன்று சிறு பீரங்கிகளை ஒரே நேரத்தில் வெடித்து அவற்றின்மேல் வலையை வீச வேண்டும். சில நாள் ஆறு மணி நேரம் காத்திருந்து ஒரு கணத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்றார்.

பெட்டிகளை முகட்டுக்குக் கொண்டுபோக டோர்டிஸ் டிராக்டர் ஓட்டினாள். திறந்ததும் பறவைகள் வெடித்தாற்போலக் கிளம்பி ஓக் கிளைகளுக்கு நடுவில் பறந்து மறைந்தன. ஒரே ஒரு பெட்டை மட்டும் திறந்த பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. லெஸ்டர் பெட்டியை உதைக்கப் போனார். டென்சில் கையால் தடுத்துவிட்டு, பனியில் மண்டியிட்டு உட்கார்ந்தார். பத்து நிமிஷம் அப்படியே காத்திருந்தார். பெட்டை கழுத்தை வெளியே நீட்டிப் பார்த்தது. பிறகு சந்தைக்கு வந்தவளைப்போல நிதானமாக நடந்து போனது. டென்சில் அது போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகத்தை டோர்டிஸ் பார்த்தாள். ரயிலடியில் பிள்ளையை ஏற்றிவிட்டு நிற்கிறவர்களுக்குத்தான் அப்படியொரு முகம் இருக்கும்.

அன்று மாலை பிடித்த பனிப்புயல் மூன்று நாள் விடவில்லை. டென்சில் அவர்கள் வீட்டிலேயே தங்கினார். சும்மா இருக்க மாட்டாமல் மாட்டுக்குத் தீவனம் அள்ளினார், தொழுவத்தின் தொங்கிய கதவைக் கழற்றிச் சரியாக மாட்டினார், டோர்டிஸ் சுட்ட உருளைக்கிழங்கு ரொட்டியில் வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டி ஏழு எட்டு என்று தின்றார். எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்து, வலது பக்கத்தைத் திருப்பிக் கேட்பார். மிசூரிக்காரனுக்கு எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும்போல என்று ஹால்வர் நார்வேஜிய மொழியில் கிண்டலடித்தான். டோர்டிஸ் சிரிக்கவில்லை. தான் சொல்வதை இவ்வளவு கவனமாகக் கேட்கிற ஒருவரை அவள் அதுவரை பார்த்ததில்லை.

போகும்போது அவர் துறையின் தபால் அட்டைகள் சிலவற்றை அவளிடம் கொடுத்தார். பறவை இங்கே தங்கிவிட்டதா, வேறெங்கோ போய்விட்டதா என்பது ஏப்ரலில்தான் தெரியும். சேவல் விடியலில் கத்தும். கத்தினால் நாள், நேரம், திசை எழுதி லெஸ்டருக்கு ஓர் அட்டை, தனக்கு ஓர் அட்டை. "எங்க ஊர்ப் பறவை இல்லையா, கேட்டதுன்னு தகவல் வந்தா நானே நேர்ல வந்து உறுதி பண்ணணும். அதான் ஒப்பந்தம்," என்றார்.

ஏப்ரல் முழுக்க டோர்டிஸ் பால் கறப்பதற்கு முன்னால் முகட்டுக்கு ஏறினாள். சேறும் உருகாத பனியுமாக வழுக்கும். ஓர் ஓக் மரத்தில் சாய்ந்து நின்று கேட்பாள். ஆந்தை கேட்கும். கவுதாரி இறகால் படபடக்கும். தூரத்தில் நாரைகள் கூப்பிடும். பள்ளத்தாக்கில் ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு எரிவது தெரியும். வான்கோழி மட்டும் கேட்கவில்லை. மே பிறந்ததும் லெஸ்டர் வந்து, நரிகள் தின்றிருக்கும், இல்லாவிட்டால் ஆற்றைத் தாண்டிப் போயிருக்கும், அடுத்த பறவைகளை வேறு ஜில்லாவுக்குக் கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு மத்தியானம் பாத்திரம் கழுவிவிட்டுக் கையைத் துடைத்தவள், மேசையில் உட்கார்ந்து டென்சிலுக்கு எழுதினாள். 'ஏப்ரல் 29. காலை ஐந்து பத்து. வடக்குச் சரிவு. இரண்டு முறை.' எழுதி முடித்த பிறகுதான் லெஸ்டருக்கும் இதையே எழுதியாக வேண்டும் என்று உறைத்தது. இரண்டாவது அட்டையையும் எழுதி, மனசு மாறுவதற்குள் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

இரண்டு வாரத்தில் டென்சில் வந்துவிட்டார். விடியலுக்கு முன் இருவரும் முகட்டுக்கு ஏறினார்கள். லெஸ்டர் முழங்கால் வலி என்று வண்டியிலேயே காப்பியோடு இருந்துவிட்டார். உச்சியில் டென்சில் வாயைக் குவித்து ஆந்தைபோலக் கத்தினார். அந்தச் சத்தம் கேட்டால் வான்கோழிச் சேவலுக்கு ரோஷம் வந்து பதில் கொடுக்கும். நிஜ ஆந்தைதான் பதில் கொடுத்தது. திரும்பக் கத்தினார். காடு பேசாமல் இருந்தது. இந்த மனிதரை ஐநூறு மைல் வரவழைத்துச் சேற்றில் நிறுத்திவிட்டோமே என்று டோர்டிஸுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தலையை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்தபோது டென்சில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி இறங்க ஆரம்பித்தார்.

சமையலறையில் லெஸ்டர் படிவத்தை எடுத்து, என்ன ஆயிற்று என்றார். டென்சில் பேனாவை வாங்கி, 'குரல் உறுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாவு பிசைந்துகொண்டிருந்த டோர்டிஸின் கை அப்படியே நின்றது. ஹால்வரும் லெஸ்டரும் இருந்ததால் எதுவும் கேட்க முடியவில்லை. சாப்பிட்டதும் அவர் கிளம்பிவிட்டார். அவருக்கு நிஜமாகவே கேட்டதா, தனக்காகப் பொய்க் கையெழுத்துப் போட்டாரா என்று கோடை முழுக்க அவள் அதையே போட்டு உருட்டினாள். வைக்கோல் கட்டும்போதும் அதே நினைப்பு, வெள்ளரிக்காய் ஊறுகாய் போடும்போதும் அதே நினைப்பு. உப்பு இரண்டு தடவை விழுந்து ஒரு ஜாடி வீணாயிற்று.

அந்தக் கையெழுத்தால் அடுத்த ஜனவரியில் மேலும் இருபத்திரண்டு பறவைகள் அதே முகட்டுக்கு வந்தன. வேறு ஜில்லாவுக்குப் போக வேண்டியவை. இந்தத் தடவை பெட்டிகளைத் திறந்ததும் எல்லாம் ஒரே மூச்சில் பறந்துவிட்டன. டென்சில் மறுநாள் கிளம்புவதாக இருந்தார். மாலை கறவை நேரத்தில் பால் வாளி தூக்கிக் கொடுக்கத் தொழுவத்துக்கு வந்தார். இதைவிட்டால் வேறு நேரம் இல்லை என்று டோர்டிஸ் இரண்டு மாட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.

"மெஷினை நிறுத்துங்க," என்றார் டென்சில். "எனக்குக் கேக்கல."

அவள் கறவை இயந்திரத்தை நிறுத்தினாள். திடீரென்று சத்தம் அடங்கியதில் மாடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

"நான் பொய் எழுதிட்டேன். அன்னைக்கு எதுவும் கத்தல. ஏப்ரல் முழுக்கவே எதுவும் கத்தல."

டென்சில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"அப்போ முகட்டுல தலையைத் தூக்கி, கண்ணை மூடிட்டு நின்னீங்களே?"

"வெக்கத்துல நின்னேன். அப்படியே மண்ணுக்குள்ள போயிடலாம்போல இருந்துச்சு."

"நீங்க கேட்டுட்டு நிக்கிறீங்கன்னு நெனச்சேன். என் காதுலதான் விழலைன்னு நெனச்சேன்."

பிறகு அவர் சொன்னார். இருபது வருஷம் பீரங்கிக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடந்ததில் இடது காது முழுசாகப் போய்விட்டது. வலது காது பாதி. துறைக்குத் தெரிந்தால் காட்டிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்றைக்கு முகட்டில் டோர்டிஸின் முகத்தைப் பார்த்து, அவளுக்குக் கேட்கிறது என்று நம்பி, தன் செவிட்டுத்தனம் வெளியே தெரியாமலிருக்க மடமடவென்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"அப்போ ரெண்டு பேருமே கேக்கல," என்றாள் டோர்டிஸ்.

"கேக்கல. ஆனா அரசாங்கம் கேட்டுடுச்சு."

முதலில் அவர்தான் சிரித்தார். அவளுக்கும் அடக்க முடியவில்லை. மாட்டின் முதுகில் கையை ஊன்றிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்ததும், ஏன் எழுதினீர்கள் என்று அவர் கேட்டார்.

"நீங்க வருவீங்கன்னு."

அவர் வாளியிலிருந்து எழுந்தார். "எங்கூட வந்துடறீங்களா? வீடு சின்னதுதான். ஆனா கூரை ஒழுகாது."

வருகிறேன் என்று சொல்ல அவள் வாய் திறந்தாள். ஆனால் வந்தது வேறு பேச்சு. பொய்யை வைத்து ஆரம்பித்த காரியம் அப்படியே வாழ்க்கையாகிவிடுமோ என்று அவளுக்குப் பயம். அண்ணனை விட்டுப் போவதற்குத் தனக்கே ஒரு சாட்சி வேண்டும்போலவும் இருந்தது.

"இந்தத் தடவை நிஜமாவே ஒண்ணு கத்தட்டும். என் காதால கேட்டுட்டு எழுதறேன். எழுதினேன்னா, வர்றேன்னு அர்த்தம்."

"கத்தலைன்னா?"

"கத்தும்," என்றாள்.

கத்தவில்லை. 1978 ஏப்ரலில் ஒரு நாள் விடாமல் முகட்டுக்கு ஏறினாள். தன் மூச்சுச் சத்தம் தொந்தரவாக இருக்கிறதென்று மூச்சை அடக்கிக்கூடக் கேட்டாள். டென்சில் எழுதுவதில் கெட்டிக்காரர் இல்லை. அவருடைய அட்டையில் ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கும்: 'கேட்டதா?' அவள், 'இன்னும் இல்லை' என்று எழுதுவாள். அடுத்த வருஷமும் அப்படியே. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஜில்லாவில் வான்கோழியைப் பார்த்ததாக லெஸ்டர் சொன்னார். அது யார் விட்ட பறவையோ. ஹால்வர் மட்டும் அந்த இரண்டு வருஷமும் அவளைக் கிண்டல் செய்யவில்லை. அவள் முகட்டிலிருந்து இறங்கி வருவதற்குள் அவனே காப்பி போட்டு வைத்திருப்பான். அண்ணனுக்குத் தன்மேல் இரக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

1979 இலையுதிர்காலத்தில் டென்சிலிடமிருந்து ஓர் அட்டை வந்தது. கேள்வி இல்லை. தன்னைக் காட்டு வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றும், இப்போது கிடங்கில் வலைகளைக் கிழிசல் பார்த்துத் தைப்பதாகவும் எழுதியிருந்தார். டோர்டிஸ் அதை எத்தனையோ தடவை படித்தாள். பதில் எழுத உட்கார்ந்தால் 'இன்னும் இல்லை' என்பதைத் தவிர வேறு வரவில்லை. அதனால் எழுதவே இல்லை. அந்தக் குளிர்காலத்தில் தேவாலயப் பாட்டுக் குழுவிலிருந்து நின்றுவிட்டாள். மிசூரிப் பக்கத்து வானிலையை ரேடியோவில் சொன்னால் மட்டும் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டுக் கேட்பாள்.

1980 ஏப்ரலில் ஒரு நாள் தீவன மில்லுக்குப் போயிருந்தாள். மூட்டையை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த மில்காரர் கிளாரன்ஸ் பேச்சுவாக்கில் சொன்னார்:

"இந்த வருஷமும் உங்க கீழ்வயல்ல கத்துதா? ரெண்டு வருஷமா விடியல்ல தூங்க விடலைன்னு ஹால்வர் அன்னைக்குச் சொல்லிட்டிருந்தானே. பீர் உள்ள போனா அவன் ஊமை வாயும் திறந்துடும்."

டோர்டிஸ் காசைக் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினாள். மறுநாள் இருட்டோடு எழுந்தவள் முகட்டுக்கு ஏறாமல், பாதையில் நேரே கீழே இறங்கினாள். ஓடையோரம் கன்றுக்குட்டிகளுக்கு ஒரு கொட்டகை உண்டு. விடியலில் அங்கே தீவனம் போடுவது ஹால்வரின் வேலை. கொட்டகைக்குப் பின்னால், அறுத்த சோளத்தாள் நிற்கும் வயலின் ஓரத்தில் நின்றாள். ஐந்து மணி இருக்கும். ஓடைக்கு அப்பாலிருந்த ஒரு பெரிய மரத்திலிருந்து அது கிளம்பியது. கூழாங்கற்களை மரப்பெட்டியில் போட்டு உருட்டிவிட்டதைப்போல ஒரு கடகடப்பு. உடனே இன்னொன்று, பிறகு அதற்கும் தள்ளி மூன்றாவது. அவள் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்று வருஷமாகத் தலைக்கு மேலே தேடிய பறவைகள், குன்றின் மறைவில் காலுக்குக் கீழேயே இருந்திருக்கின்றன. வெளிச்சம் வந்ததும் பதினாறு பறவைகள் வயலில் இறங்கின. சேவல் ஒன்று வாலை விரித்துக்கொண்டு அவளுக்கு இருபது அடி தூரத்தில் மாப்பிள்ளை ஊர்வலம்போல நடந்தது. அவள் அழுதாள். அழுகையில் சந்தோஷம் எவ்வளவு, ஆத்திரம் எவ்வளவு என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

ஹால்வர் தீவன வாளியோடு வந்தான். அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"எத்தனை நாளாண்ணே?"

அவன் வாளியைக் கீழே வைத்தான். "நீங்க பேசின அன்னைக்கு, மெஷின் நின்னுடுச்சேன்னு தொழுவத்துக்கு வந்தேன். எல்லாத்தையும் கேட்டேன். ஏப்ரல்ல இங்க இது கத்துச்சு."

"சொல்லல."

"சொன்னா நீ போயிருப்பே."

அவள் எழுந்து நடந்தாள். வீட்டுக்கு வந்து மேசையில் உட்கார்ந்து எழுதினாள். அன்றைய நாள், நேரம், திசை, மூன்று சேவல். கடைசியில், 'இது நிஜம். வருகிறேன்' என்று எழுதினாள். அன்றிலிருந்து அண்ணனுக்குச் சமைத்தாள், துவைத்தாள். ஆனால் இறைச்சியை நறுக்கிக் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். ஹால்வர் துண்டை முட்கரண்டியால் குத்தித் தூக்கிக் கடித்து இழுத்துத் தின்றான். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அப்படியே பன்னிரண்டு நாள் போயிற்று.

பதிமூன்றாம் நாள் டென்சிலின் பழைய வண்டி முற்றத்தில் வந்து நின்றது. இறங்கியவர் முன்பைவிட இன்னும் குனிந்திருந்தார். டோர்டிஸ் ஓடிப்போய்ப் பேசியதும், தன் வலது காதைத் தொட்டுக் காட்டி இல்லையென்று தலையை ஆட்டினார். போன செப்டம்பரில் அதுவும் போய்விட்டது. சட்டைப் பையில் சின்ன நோட்டும் பென்சிலும் வைத்திருந்தார். "நீங்க கிளம்பி வர்றதுக்குள்ள நானே வந்துடலாம்னு தோணுச்சு," என்றார். தன் குரல் தனக்கே கேட்காததால் கொஞ்சம் சத்தமாகப் பேசினார்.

டோர்டிஸ் மனதில் கணக்கு ஓடியது. முதல் ஏப்ரலிலேயே தெரிந்திருந்தால் அவருக்குப் பாதிக் காது இருந்திருக்கும். இரண்டாவதில்கூடக் கொஞ்சம் இருந்திருக்கும். அவள் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். தொழுவ வாசலில் நின்றிருந்த ஹால்வருக்கும் அது புரிந்துவிட்டது. அவன் மெதுவாக நடந்து டென்சிலுக்கு எதிரில் வந்து நின்றான்.

"நான் கேட்டேன். ரெண்டு வருஷமா. சொல்லாம விட்டுட்டேன்," என்றான்.

டென்சில், என்ன என்பதுபோலத் தலையைச் சாய்த்தார்.

"நான் கேட்டேன். சொல்லல."

டென்சில் நோட்டை நீட்டினார். ஹால்வர் அதைப் பார்த்தான். எழுத வேண்டுமானால் நோட்டைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை வேண்டும். டோர்டிஸ் உதவிக்குப் போகவில்லை. ஹால்வர் மூச்சை இழுத்து, பள்ளத்தாக்கே கேட்கும்படி கத்தினான்.

"பறவை கத்துச்சு. நான் மறைச்சேன். இவ போயிடக் கூடாதுன்னு மறைச்சேன்."

பக்கத்துப் பண்ணையில் நாய் குரைத்தது. டென்சிலுக்கு வார்த்தை விளங்கியதோ இல்லையோ, ஐம்பது வயசு ஆள் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க, கண் கலங்க நிற்பது விளங்கியது. டோர்டிஸ் நோட்டை வாங்கி, நடந்ததை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் நாலு வரியில் எழுதிக் கொடுத்தாள். டென்சில் அதைப் படித்தார். திரும்பவும் படித்தார். தனியாக நடந்து போய் வேலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வயலைப் பார்த்து நின்றார். திரும்பி வந்து, பசிக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அன்று மேசையில் பன்றி இறைச்சி. ஹால்வர் தன் தட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். டென்சில் அதைத் தன் பக்கம் இழுத்து, இறைச்சியைத் துண்டு துண்டாக நறுக்கித் திருப்பி வைத்துவிட்டு, உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டார். டோர்டிஸ் எழுந்து அடுப்புப் பக்கம் போய், தேவையில்லாமல் ஒரு பாத்திரத்தைக் கிளறினாள்.

மறுநாள் விடியலில் அவரைக் கீழ்வயலுக்கு அழைத்துப் போனாள். சேவல் மரத்திலிருந்து கத்தியபோதெல்லாம் அவர் முழங்கையை அழுத்தினாள். ஓர் அழுத்தம், ஒரு கூவல். வெளிச்சம் வந்து பறவைகள் இறங்கியதும் அவருக்கு அழுத்தம் தேவைப்படவில்லை. கழுத்து நீள்வதும் தாடை அதிர்வதும் கண்ணுக்கே தெரிந்தது. அன்றைக்கு இன்னொரு கூட்டமும் சேர்ந்து இறங்கியதில் முப்பத்தொன்று எண்ணினார். பிடித்து அனுப்பிய எந்தப் பறவையையும் போன இடத்தில் குடும்பமாகத் தான் பார்த்ததே இல்லை என்றார்.

டென்சில் மிசூரிக்குத் திரும்பவில்லை, பண்ணையிலேயே தங்கிவிட்டார்; செப்டம்பரில் கல்யாணம் நடந்தது. ஹால்வர் தானாகவே கொட்டகைப் பக்கத்துச் சின்ன வீட்டைக் கூட்டிப் பெருக்கி அங்கே குடிபோனான். சாப்பாட்டுக்கு மட்டும் மேலே வருவான். டோர்டிஸ் அண்ணனோடு பேசினாள். மாடு, மழை, தீவனம் பற்றியெல்லாம் பேசினாள். அந்த இரண்டு ஏப்ரலைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

ஒன்று மட்டும் டென்சிலை அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியாகத் தான் கேட்ட கூவல் மிசூரிக் காட்டில்தான். இங்கே குளிர் அதிகம், மண் வேறு, தின்னும் கொட்டை வேறு. குரல் அதேதானா, மாறியிருக்கிறதா என்று கேட்பார். அவள் நோட்டில் எப்படியெல்லாமோ எழுதிப் பார்ப்பாள். கூழாங்கல் என்பாள், தண்ணீர் கொதிப்பது என்பாள், குடத்துக்குள் சிரிப்பது என்பாள். அவர் படித்துவிட்டு, அப்படி இல்லையே, இன்னும் கொஞ்சம் வேறு மாதிரியல்லவா என்பார். மிசூரியில் கத்துவதை அவள் கேட்டதில்லை. ஒப்பிட்டுச் சொல்ல அவளால் முடியவில்லை.

அடுத்த ஏப்ரலில் மாடுகளை ஹால்வரிடமும் பக்கத்துப் பண்ணைக்காரரிடமும் ஒப்படைத்துவிட்டு இருவரும் தெற்கே கிளம்பினார்கள். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் மாலைக் கறவைக்கு வீட்டில் இல்லை. டென்சில் வேலை பார்த்த காட்டில், அவர் மறைந்து படுத்த பாறைக்குப் பக்கத்தில், விடியலில் நின்றார்கள். அங்கே ஏப்ரலிலேயே மரம் பச்சையாக இருந்தது. கிழக்கு வெளுத்ததும் ஒன்று கத்தியது. பிறகு எல்லாத் திசையிலும் கத்தின. டோர்டிஸ் கண்ணை மூடி, முடிந்தவரை கவனமாகக் கேட்டாள். ஏதாவது ஒரு வித்தியாசம் கண்டுபிடித்து அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. ஒன்றும் அகப்படவில்லை.

நோட்டை வாங்கி எழுதினாள்: 'அதேதான். இங்கே அதிகம்.'

டென்சில் படித்தார். காகிதத்தைக் கிழித்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"எந்தப் பக்கம் ரொம்பக் கத்துது?" என்றார்.

அவள் அவருடைய தோள் இரண்டையும் பிடித்து மேற்குப் பக்கம், ஓடைச் சரிவை நோக்கித் திருப்பி நிறுத்தினாள். வெயில் மரங்களுக்கு மேலே வரும்வரை அவர் அந்தப் பக்கமே பார்த்து நின்றுகொண்டிருந்தார்.